எத்தனை இலை? யுஎஸ்பி போர்ட்டில் ஓடும் கருவிக்கு மின்சாரக் கணக்குப் போடுவது எப்படி

கானாடுகாத்தானில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வளவுச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் பழைய படங்களுக்குப் பின்னால் வண்ண விளக்குப் பட்டை ஓட்டித் தருகிறேன் என்று நானே வலியப் போய் ஏற்றுக்கொண்டேன். 60 எல்இடி உள்ள பட்டை, கையகல மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று, மின்சாரத்துக்குச் சித்தப்பா மகனின் லேப்டாப். சிவப்பு எரிந்தது. நீலமும் எரிந்தது. "வெள்ளை போடுங்கண்ணே, படம் தெளிவாத் தெரியும்" என்றான் தம்பி. போட்டேன். பட்டையின் ஆரம்பம் வெள்ளையாகவும் கடைசிப் பகுதி செம்மஞ்சளாகவும் ஒரு கணம் எரிந்து, மொத்தமாக அணைந்தது. யுஎஸ்பி போர்ட்டில் அளவுக்கு மீறி மின்னோட்டம் போகிறது என்று திரையில் ஓர் எச்சரிக்கை. அந்த போர்ட் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நான் எழுதிய மொய்யைவிட மதர்போர்டு வேலைக்குக் கொடுத்த கூலி அதிகம்.

கணக்கு ஒன்றும் கஷ்டமானதில்லை. அந்த வகை எல்இடி ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று இருக்கும். முழு வெளிச்சத்தில் ஒவ்வொரு நிறமும் ஏறக்குறைய 20 மில்லிஆம்பியர் எடுக்கும். வெள்ளை என்றால் மூன்றும் சேர்ந்து 60. அறுபது எல்இடிக்கு 3,600 மில்லிஆம்பியர். அந்த போர்ட் கொடுக்கக் கடமைப்பட்டது 500. ஏழு மடங்கு கேட்டிருக்கிறேன். சிவப்பு மட்டும் எரிந்தபோதே 1,200 போயிருக்கும்; அதைத் தாங்கியதே போர்ட்டின் பெருந்தன்மை.

மத்திய மின்வேதியியல் ஆய்வகமான செக்ரி இருக்கிற காரைக்குடிப் பக்கத்தில் போர்ட்டைக் கருக்கியவன் என்ற பெயரோடு சுற்றுகிறேன். அதனால்தானோ என்னவோ, சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் இந்த விஷயத்தையே அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். ஒரு மல்டிமீட்டரும் 5 வோல்ட் யுஎஸ்பி மீட்டரும் கையில் இருந்தால் போதும்.

போர்ட் எதையும் தள்ளிவிடாது

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் கழற்றிவிடுங்கள். சார்ஜரில் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது 2 ஆம்பியரையும் கருவிக்குள் தள்ளும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். தள்ளாது. போர்ட்டின் வேலை 5 வோல்ட்டைப் பிடித்துவைத்திருப்பது மட்டும்தான். எவ்வளவு எடுப்பது என்பது கருவியின் கையில் இருக்கிறது. அதனால் அளவோடு எடுக்க வேண்டிய பொறுப்பும் கருவியைச் செய்கிற உங்களுடையது.

கல்யாண வீட்டில் பந்தி போடும் முன்னால் சமையல்கட்டிலிருந்து "எத்தனை இலை?" என்று குரல் வரும். எண்ணிச் சொன்ன பிறகுதான் பரிமாற ஆள் வருவார்கள். யுஎஸ்பியும் அப்படித்தான். 2000-ல் வந்த யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு யூனிட் என்பது 100 மில்லிஆம்பியர். கருவியைச் செருகியதும், கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டு சம்மதம் சொல்லும்வரை ஒரு யூனிட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. சம்மதம் வந்தபின், கேட்டிருந்தால், ஐந்து யூனிட், அதாவது 500 வரை எடுக்கலாம். 2008-ல் வந்த யுஎஸ்பி 3.0 போர்ட்டில், அந்த வேகத்தில் பேசும் கருவிக்கு ஒரு யூனிட் 150. ஆறு யூனிட் சேர்ந்து 900.

மூன்றாவதாக ஒரு எண் உண்டு, அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. லேப்டாப் உறக்கத்துக்குப் போனால் கருவி 2.5 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் பற்றியும் ஒரு வார்த்தை. தனி அடாப்டர் இல்லாத ஹப், தானே 500-ஐ வாங்கித்தான் பங்கு போடுகிறது. தனக்கு 100, நான்கு போர்ட்டுக்கும் தலா 100. அதில் 300 கேட்கும் கருவியைச் செருகினால் கம்ப்யூட்டர் முடியாது என்று மறுத்துவிடும். "போன வாரம் ஓடுச்சு சார், இன்னைக்கு ஓடலை" என்று வருகிற பிள்ளைகளில் பலருக்கு இதுதான் காரணம்: போன வாரம் நேராக லேப்டாப்பில் செருகியிருப்பார்கள். அடாப்டர் உள்ள ஹப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் முழு 500 கிடைக்கும்.

பற்று வரவு எழுதுங்கள்

சால்டரிங் அயர்னைத் தொடும் முன்னால் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்று சராசரி, மற்றது உச்சம். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை, அதாவது டேட்டாஷீட்டை, திறந்து உச்ச எண்ணை எழுதுங்கள். சராசரியை நம்பி இறங்கியவர்கள்தான் மாட்டுகிறார்கள். சராசரி 80 எடுக்கும் கருவி ஒரு மில்லிசெகண்டுக்கு 400 எடுத்தால், அந்த ஒரு மில்லிசெகண்டில்தான் அது ரீசெட் ஆகும்.

பிள்ளைகள் செய்த ஒரு பெட்டியையே எடுத்துக்கொள்வோம். வீட்டு முற்றத்தில் வைத்து வெப்பமும் ஈரப்பதமும் அளக்கிற பெட்டி. அதில் வைஃபை உள்ள இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர், சின்ன ஓஎல்இடி திரை, ஒரு சென்சார், நிலைமை காட்ட எட்டு எல்இடி உள்ள வளையம். இஎஸ்பி32 வைஃபையில் செய்தி அனுப்பும்போது உச்சம் 240. திரைக்கு 25 என்று வையுங்கள். சென்சாருக்கு 3. வளையம் முழு வெள்ளையில் 480. கூட்டினால் 748. போச்சு.

எங்கே குறைப்பது? வைஃபையைக் குறைக்க முடியாது. வளையத்தைக் கால்வாசி வெளிச்சத்துக்கு இறக்கினால் 480 என்பது 120 ஆகிறது, மொத்தம் 388. ராத்திரியில் கால்வாசியே கண்ணைக் கூசும், ஆகவே நஷ்டமில்லை. எல்இடிகளை ஓட்ட உதவும் ஃபாஸ்ட்எல்இடி என்ற நிரல் நூலகத்தில் இத்தனை வோல்ட், இத்தனை மில்லிஆம்பியர்தான் உச்சம் என்று எழுதிவைக்க ஒரு கட்டளை இருக்கிறது. எந்த நிறம் கேட்டாலும் அதுவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

5 வோல்ட்டைச் சிப்புக்கு வேண்டிய 3.3-க்கு இறக்கும் ரெகுலேட்டரையும் கணக்கில் சேருங்கள். சாதாரண லீனியர் ரெகுலேட்டர் வழியாக 3.3 வோல்ட்டில் 240 எடுத்தால், 5 வோல்ட் பக்கமும் அதே 240-தான் போகும், மிச்ச 1.7 வோல்ட் சூடாகத் தீரும். 85 சதவீதத் திறனுள்ள பக் கன்வர்ட்டர் போட்டால் அதே வேலைக்கு 5 வோல்ட் பக்கம் சுமார் 186 போதும். சின்னப் பெட்டிக்கு லீனியரே போதும் என்பது என் கட்சி. ஆனால் 500-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிற கருவி என்றால் அந்த 54 மில்லிஆம்பியர் பெரிய தொகை.

கேட்பதைச் சரியாகக் கேளுங்கள்

உங்கள் சிப்பே யுஎஸ்பி பேசினால், எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று சொல்லும் ஒரு பைட்டை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். பெயர் பி-மேக்ஸ்-பவர். யுஎஸ்பி 2.0-ல் அதன் அலகு 2 மில்லிஆம்பியர். 500 வேண்டும் என்றால் 250 என்று எழுத வேண்டும். ஒரு மாணவி 100 வேண்டும் என்று நினைத்து 100 என்றே எழுதியிருந்தாள். கம்ப்யூட்டருக்கு அது 200 என்று போனது. இன்னொருவன் 500 என்று எழுதினான். ஒரு பைட்டில் 255-க்கு மேல் இடமில்லை, மேல்பகுதி வெட்டுப்பட்டு 244 மிஞ்சியது. கருவி 488 கேட்டது. கேட்க நினைத்ததற்கு மிக அருகில் வந்துவிட்டதால் அவன் தப்பைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. சில நூலகங்கள் மில்லிஆம்பியரையே வாங்கி உள்ளே பாதியாக்கிக்கொள்ளும். எது எப்படி என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை விரிவான முறையில் ஓட்டினால் கருவி கேட்கிற அளவு மேக்ஸ்-பவர் என்ற வரியில் தெரியும்.

இஎஸ்பி32 போர்டு பலவற்றில் வேறொரு சிக்கல். கம்ப்யூட்டரோடு பேசுவது இஎஸ்பி32 அல்ல, பக்கத்தில் இருக்கும் யுஎஸ்பி-சீரியல் சிப். அது தனக்கு 100 அல்லது அதை ஒட்டிய எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும். பின்னால் இஎஸ்பி32 சத்தமில்லாமல் 240 எடுக்கும். ஒரு இலை என்று சொல்லிவிட்டு மூன்று பேர் உட்காருகிற கதை. லேப்டாப் போர்ட்டுகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அடாப்டர் இல்லாத ஹப்பில் செருகினால் கம்ப்யூட்டர் தடுக்காது, ஆனால் வோல்ட் இறங்கிக் கருவி மாறி மாறி ரீசெட் ஆகும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழக் கூடாது

எல்இடி பட்டைக்கு முன்னால் 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடு என்று எங்கு பார்த்தாலும் சொல்வார்கள். தனி அடாப்டரில் ஓட்டினால் நல்ல யோசனைதான். யுஎஸ்பியில் ஓட்டினால் அதுவே வினை.

காலி கெபாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட் மாதிரிதான். போர்ட் பக்கம் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் கையிருப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கையிருப்பு மட்டும் 5 வோல்ட்டில் நிறைந்து நிற்கிறது என்று வைத்து, அதோடு 1,000 மைக்ரோஃபாரட் காலிப் பானையைச் சேர்த்துப் பாருங்கள். மின்னேற்றம் இரண்டுக்கும் பங்காகி, வோல்ட் 5 × 120 ÷ 1,120, ஏறக்குறைய 0.54-க்கு விழுகிறது. நிஜத்தில் பின்னாலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும், இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் பக்கத்துப் போர்ட்டில் இருக்கிற மவுஸ் ஒருமுறை விழுந்து எழும். அதையே 10 மைக்ரோஃபாரட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 5 × 120 ÷ 130, சுமார் 4.6 வோல்ட். எல்லோரும் தாங்குவார்கள். செருகும் கணத்தில் கருவி காட்டும் கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது என்று விதி சொல்வதன் பின்னணி இந்தக் கணக்குதான்.

அப்படியானால் பெரிய கெபாசிட்டரே கூடாதா? கூடும், ஒரு கதவுக்குப் பின்னால். யுஎஸ்பி நுழைவில் 4.7 அல்லது 10 மைக்ரோஃபாரட் வையுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் அதிலிருந்து நேராக எழட்டும். எல்இடி, மோட்டார் போன்ற பெருந்தீனிகளை ஒரு லோடு சுவிட்ச் சிப்புக்குப் பின்னால் தள்ளுங்கள். கம்ப்யூட்டரின் சம்மதம் வந்ததும் மைக்ரோகன்ட்ரோலர் தன் கால் (பின்) ஒன்றில் வோல்ட்டை உயர்த்தி அந்தக் கதவைத் திறக்கும். அதுவும் மெல்லத் திறக்க வேண்டும்: 470 மைக்ரோஃபாரட்டை 100 மில்லிஆம்பியரில் நிரப்ப சுமார் 24 மில்லிசெகண்ட் பிடிக்கும். மெதுவாக ஏறும் வகைச் சிப் கிடைக்காவிட்டால் பி-சேனல் மாஸ்ஃபெட்டின் கேட்டில் ஒரு ரெசிஸ்டரும் சிறு கெபாசிட்டரும் போட்டு ஒப்பேற்றலாம்.

காவல்: பாலிஃபியூஸா, சிப்பா?

மென்பொருளில் வெளிச்சத்தைக் குறைத்தோமே, போதாதா என்று கேட்பார்கள். நிரல் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் எல்இடி கடைசியாக வந்த நிறத்தையே பிடித்துக்கொண்டு எரியும். ஒரு ஒயர் பிய்ந்து இன்னொன்றின் மேல் விழுந்தால் நிரலுக்குத் தெரியவே தெரியாது. அதனால் மின்சுற்றிலேயே ஒரு காவல் வேண்டும்.

மலிவானது பாலிஃபியூஸ். ஆர்டுயினோ யூனோவின் யுஎஸ்பி நுழைவிலேயே 500 மில்லிஆம்பியர் பாலிஃபியூஸ் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சூடானால் தடை ஏறி ஓட்டத்தை அடக்கும். ஆறினால் பழைய நிலைக்கு ஏறக்குறைய திரும்பும். ஏறக்குறைய என்று ஏன் சொன்னேன் என்றால், ஒருமுறை அடங்கி எழுந்தபின் அதன் தடை முன்னைவிடச் சற்று கூடியே நிற்கும்.

இதில் இரண்டு பொறி இருக்கின்றன. முதலாவது, 500 என்பது அது அடங்காமல் தாங்கும் அளவு. அடங்குவது பெரும்பாலும் அதன் இரண்டு மடங்கில், 1 ஆம்பியர் வாக்கில். 700 போனால் அது பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது நம் ஊர் வெயில். அந்த 500 என்பது அறை வெப்பத்தில், 20 டிகிரிக்குச் சற்று மேலே, எடுத்த கணக்கு. மே மாதக் காரைக்குடியில் நிழலிலேயே 40-ஐ நெருங்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 60 சாதாரணம். அங்கே அதே பாலிஃபியூஸின் தாங்குதிறன் முக்கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். 388 எடுக்கும் நம் பெட்டி, மார்கழியில் ஒழுங்காக ஓடி அக்னி நட்சத்திரத்தில் காரணமில்லாமல் அணைவது இதனால்தான். டேட்டாஷீட்டில் வெப்பத்துக்கேற்பக் குறையும் அட்டவணை இருக்கும். 60 டிகிரி வரிசையைப் பார்த்து வாங்குங்கள், முதல் பக்க எண்ணைப் பார்த்து அல்ல.

என் கைக்குப் பிடித்தது மின்னோட்ட வரம்பு உள்ள சுவிட்ச் சிப். டிபிஎஸ்2553 போன்றவற்றில் ஒரே ஒரு ரெசிஸ்டரால் வரம்பை வைக்கலாம். கதவும் காவலும் ஒரே சிப்பில் முடிந்துவிடுகிறது. வரம்பை மீறினால் அது ஓட்டத்தை அந்த அளவிலேயே பிடித்து நிறுத்தும். நேர் ஷார்ட் என்றால் 5 வோல்ட்டும் சிப்பின் மேலேயே விழும், அரை ஆம்பியரில் 2.5 வாட் சூடு, அதனால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கூடவே ஃபால்ட் என்று ஒரு கால் இருக்கிறது. 10 கிலோஓம் ரெசிஸ்டரால் மேலே இழுத்து மைக்ரோகன்ட்ரோலரில் கொடுத்தால், எது தடுமாறியது என்று திரையில் காட்டலாம். ஒரு எச்சரிக்கை: எல்லாச் சிப்பிலும் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணில் வரம்பு இல்லை. டிபிஎஸ்2051 தொடர்ந்து 500 தாங்கும் என்பார்கள், அது பிடித்து நிறுத்துவதோ 1 ஆம்பியர் வாக்கில்.

அடாப்டர், யுஎஸ்பி இரண்டிலும் ஓடும் கருவி என்றால் அடாப்டர் மின்சாரம் லேப்டாப்புக்குள் திரும்பிப் போகாதபடி நடுவில் ஷாட்கி டயோடு ஒன்று போடுங்கள். 0.3 வோல்ட் போகும், போகட்டும்.

ஒயரும் தின்னும்

முகப்பிலிருந்து வளவைத் தாண்டி இரண்டாம் கட்டு வரை நீளும் வீடுகள் நம்முடையவை. பிளக் பாயிண்ட் ஒரு மூலையில், கருவி இன்னொரு மூலையில். 5 மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டுவிடுவோம். மலிவுக் கேபிளில் மின்சார ஒயர் 28 கேஜ் இருக்கும் (எண் கூடினால் ஒயர் மெலியும்), மீட்டருக்கு 0.21 ஓம். போகவும் வரவும் சேர்த்து 10 மீட்டர், 2.1 ஓம். 388 மில்லிஆம்பியர் போனால் வழியிலேயே 0.8 வோல்ட் காலி. போர்ட்டில் 5 வோல்ட் இருந்தாலும் கருவிக்கு வருவது 4.2. லீனியர் ரெகுலேட்டர் பலவற்றுக்கு 3.3 வோல்ட் கொடுக்க ஒரு வோல்ட்டுக்கு மேல் மிச்சம் வேண்டும், அதனால் வைஃபை பேச ஆரம்பித்ததும் கருவி சரியும். 24 கேஜ் என்று அச்சிட்ட கேபிளில் இதே இழப்பு சுமார் 0.33 வோல்ட்தான். கேபிளின் உடம்பில் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

டைப்-சி வைத்தால்

கருவியில் டைப்-சி சாக்கெட் வைத்தால் சிசி1, சிசி2 என்ற இரண்டு கால்களிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்கு இறக்குங்கள். இரண்டையும் இணைத்து ஒரே ரெசிஸ்டர் போடாதீர்கள். ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் பதிப்பிலேயே அந்தத் தவறு நடந்து, சிப் வைத்த சில கேபிள்களில் அது எழவே இல்லை. மின்சாரம் கொடுக்கும் பக்கம் எவ்வளவு தரும் என்பதை அந்தக் கால்களின் வோல்ட்டே சொல்லிவிடும்: 0.66-க்குக் கீழே என்றால் சாதாரண அளவு, அதிலிருந்து 1.23 வரை 1.5 ஆம்பியர், அதற்கு மேல் 3 ஆம்பியர். மைக்ரோகன்ட்ரோலரின் அனலாக் காலில் கொடுத்துப் படித்து, எல்இடி வெளிச்சத்தை அதற்கேற்ப ஏற்றலாம்.

சோதிப்பது

லேப்டாப்பில் சோதிக்காதீர்கள், என் கதையைப் படித்தீர்கள் அல்லவா. அடாப்டர் உள்ள மலிவு ஹப் ஒன்றைப் பலியாடாக ஒதுக்கிவிடுங்கள். ஹப்புக்கும் கருவிக்கும் நடுவே யுஎஸ்பி மீட்டர். முதலில் எல்இடி கதவு மூடிய நிலையில் செருகுங்கள்: 100-க்குள் இருக்கிறதா? இஎஸ்பி32 என்றால் சம்மதம் வரும் முன் வைஃபையைத் தொடவே விடாதீர்கள். அப்புறம் கதவைத் திறந்து வெளிச்சத்தை ஏற்றுங்கள். நோட்டில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், நுனி உச்சத்தைக் காட்டாது. அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும், கல்லூரி லேபில் கேளுங்கள்.

அடுத்து காவலைச் சோதியுங்கள். எல்இடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 10 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டரைக் கட்டினால் அரை ஆம்பியர் போகும். இடுக்கியால் பிடியுங்கள், விரலால் அல்ல, 2.5 வாட் தோலைச் சுட்டுவிடும். அதற்குப் பதில் 4.7 ஓம், 10 வாட் கட்டினால் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் கேட்கும். சிப் வரம்பில் பிடித்து ஃபால்ட் காலை இறக்க வேண்டும். இறக்கவில்லை என்றால் வரம்பு ரெசிஸ்டரைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

மிச்சம் இருப்பது அந்த 2.5 மில்லிஆம்பியர். லேப்டாப் மூடியைச் சாத்தி மீட்டரைப் பாருங்கள். இந்த எல்இடிகள் அணைந்திருக்கும்போதும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிஆம்பியர் தின்னும். என் 60 எல்இடி பட்டை ஒரு விளக்கும் எரியாமல் 50-க்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது. கருப்பு நிறம் அனுப்பினால் போதாது, கதவையே மூட வேண்டும். இப்போது அந்தப் பட்டை தனி 5 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டரில் ஓடுகிறது. லேப்டாப்பிலிருந்து டேட்டாவும் கிரவுண்டும் மட்டும் வருகின்றன. தம்பி லேப்டாப்பை மூடும்போது மைக்ரோகன்ட்ரோலர் கதவைச் சாத்திவிட்டுத் தானும் உறங்கப் போகிறது. மீட்டரில் போன தடவை பார்த்தது 1.8.